காயில் சுற்றிய மாதங்கள்

போர் முடிந்த வருடம், தூத்துக்குடியில் ஒரு பழைய பஞ்சுக் கிட்டங்கிக்குள் உட்கார்ந்து பொம்மை ரயிலுக்குக் காயில், அதாவது செம்புக் கம்பிச் சுருள், சுற்றிக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு எழுதும் கடிதங்களில் 'மின்சாரப் பிரிவில் வேலை' என்று மட்டும் எழுதுவேன். அது பொய் இல்லை. விளக்கமாக எழுதினால் அப்பா அதைக் கடையில் உட்கார்ந்து உரக்கப் படிப்பார், சாமான் வாங்க வந்தவர்கள் சிரிப்பார்கள்.

பொம்மை என்றாலும் அதை யாரும் விளையாட்டுக்கு வைத்திருக்கவில்லை. துறைமுகத்துக்குள் ஓடும் சரக்குப் பாதையில் வேலைக்குச் சேருகிறவர்களுக்கும் பதவி உயர்வுக்குக் காத்திருப்பவர்களுக்கும் அதில்தான் பாடம். ஊருக்குத் திரும்பிப்போன ஒரு வெள்ளைக்காரப் பொறியாளர் விட்டுச்சென்ற ரயில் அது. அலுவலகத்தார் அதைப் பெரிய மேசை ஒன்றில் துறைமுகத்து வளைவுகளைப் போலவே பதித்திருந்தார்கள். தண்டவாளம் இரண்டாகப் பிரிகிற இடத்துக்குப் பாயிண்ட் என்று பெயர். அங்கே இருக்கும் இரண்டு மெல்லிய நாக்குகள் நகர்ந்துதான் வண்டி எந்தப் பாதையில் போவது என்பதை முடிவு செய்யும். துறைமுகத்தில் அவற்றை ஓர் ஆள் இரும்பு லிவரைப் பிடித்து நகர்த்துவார். மேசையில் அந்த வேலையை மின்காந்தம் செய்தது.

ஒவ்வொரு பாயிண்டுக்கும் அடியில் தீப்பெட்டி அளவில் ஒரு தகரப் பெட்டி. உள்ளே இரண்டு காயில்கள், ஒன்றின் பின் ஒன்றாக. அவற்றின் நடுவே வழுக்கி ஓடும் ஓர் இரும்புத் தண்டு. மேசை விளிம்பில் ஒரு பொத்தானை அழுத்தினால் இடது காயில் காந்தமாகித் தண்டைத் தன் பக்கம் இழுக்கும். அடுத்த பொத்தானை அழுத்தினால் வலது காயில் இழுக்கும். தண்டோடு சேர்ந்து நாக்குகளும் நகரும். 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டால் வேலை முடிந்தது. கண் சிமிட்டும் நேரத்துக்கு மேல் மின்சாரம் தேவையில்லை. அதற்கு மேல் கொடுத்தால் காயில் சூடேறும், கம்பிமேல் பூசிய எனாமல் கருகும், சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதன்பின் அது தூக்கிப் போடத்தான் ஆகும்.

புதிதாகச் சீமையிலிருந்து வரவழைக்க அப்போது வழியில்லை. அதனால்தான் என்னை எடுத்தார்கள். போர்க்காலத்தில் ஆண்கள் பட்டாளத்துக்குப் போனபோது சென்னையில் பெண்களுக்கும் மின்சார வேலை கற்றுக்கொடுத்தார்கள். அத்தை வீடு அங்கே இருந்ததால் அப்பா என்னை அனுப்பினார். அந்தச் சான்றிதழோடு வந்தவளுக்குக் கிடைத்த உத்தரவில் 'மேசை தடையின்றி ஓடும் வரை, தற்காலிகமாக' என்று இருந்தது. காயில்கள் கருகிக்கொண்டிருக்கும் வரை எனக்கு வேலை உண்டு. கருகுவது நின்றால் நாசரேத்துக்கு அப்பால் எங்கள் ஊர், அப்பாவின் கடை, இரண்டு தடவை வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போன ஒரு குடும்பம். அந்தக் குடும்பத்தின் மேல் எனக்கு வருத்தம் எதுவும் கிடையாது. எனக்கு வேலையில் இருக்க ஆசை, அவ்வளவுதான்.

எதையும் வரிசையாக எண்ணிப் பார்ப்பது என் சுபாவம். முதல் மாதத்திலேயே ஒரு வரிசை தானாக மனதில் விழுந்துவிட்டது: ஒரு நாளில் என்னோடு பேசுகிறவர்கள். காலையில் சித்தி, தூக்குச்சட்டியைக் கையில் தரும்போது. அவர் அப்பாவுக்குத் தூரத்துச் சொந்தம், கணவர் இல்லை, மாடி அறையை எனக்கு விட்டிருந்தார். பிறகு கிட்டங்கிச் சாவியை நீட்டும் குமாஸ்தா, 'ம்' என்று. பயிற்சிக்குப் பொறுப்பான ஆபீசர், அவர் அந்தப் பக்கம் வந்தால். மாலையில் மறுபடியும் சித்தி. ஞாயிற்றுக்கிழமை குமாஸ்தாவும் இல்லை.

பயிற்சிக்கு வருகிற ஆட்களை இதில் சேர்ப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. அவர்கள் தங்களுக்குள் பேசுவார்கள், எஞ்சினைத் திட்டுவார்கள், மேசையோடு சண்டை போடுவார்கள். சுவரோரம் என் சின்ன மேசையில் நான் காயில் சுற்றிக்கொண்டிருப்பேன். கிட்டங்கியின் ஜன்னல்களில் விமானத் தாக்குதலுக்குப் பயந்து ஒட்டிய கறுப்புக் காகிதத்தை அதுவரை யாரும் கிழிக்கவில்லை. உப்புக் காற்று மட்டும் எப்படியோ உள்ளே வந்து பித்தளை முனைகளைப் பச்சையாக்கிவிடும். தினமும் மண்ணெண்ணெய்த் துணியால் அவற்றைத் துடைப்பேன். தீய்ந்த வாசனை வந்தால்தான் எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பும்.

"டீச்சரம்மா, கருகிட்டு!"

நான் டீச்சர் இல்லை. வேறு எப்படிக் கூப்பிடுவதென்று அவர்களுக்குத் தெரியவில்லை. எழுந்து போவேன், பெட்டியைத் திறப்பேன், எல்லோரும் சுற்றி நிற்பார்கள். நாளின் நல்ல பகுதி அதுதான்.

அதிகமாகக் கருக்கியவர் அவர்களில் மூத்தவர், தருவைகுளத்துக்காரர். பல வருடம் லிவர் பிடித்துவிட்டு மேஸ்திரி பதவிக்காகப் பயிற்சிக்கு வந்திருந்தார்.

"காயில் சொத்தையால்லா இருக்கு டீச்சரம்மா."

"காயில் நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. நீங்கதான் பொத்தானை விடவே மாட்டுக்கியளே."

"வண்டி கடக்காம எப்பிடி விட?"

"தொட்டுட்டு எடுத்தாப் போதும்."

"தொட்டுட்டு எடுக்கதுக்கு இது என்ன கொதிக்கிற சட்டியா?"

ஆலந்தலையிலிருந்து வந்த இளம் ஆள் ஒருவர் சும்மா இருக்கமாட்டார். "ஏலே, அண்ணாச்சி மதினி கையக்கூட இம்புட்டு நேரம் புடிச்சிருக்க மாட்டாருலே."

"அவ கைய விட்டா வண்டி கவுருமா? போலே!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிக்கத் தொடங்கினேன். அதற்குள் நான் அங்கே இருப்பது அவர்களுக்கு நினைவு வந்து, ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள்.

அந்த வாரம் ஆபீசர் கருகிய காயில்களை எடுத்துப் பார்த்தார். செம்புக் கம்பி கிடைப்பது அப்போது பெரும்பாடு. "பொத்தானை அழுத்தி உடனே விடத் தெரியாதவனுக்குத் தேர்ச்சி கிடையாது. மாதக் கடைசியில் சோதனை" என்று சொல்லிவிட்டுப் போனார். மூத்தவர் தன் கட்டைவிரலை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

மறுநாள் மதியம் நான் துறைமுகத்துக்குள் நடந்தேன். ஏன் இவர்கள் கையை எடுப்பதில்லை என்று நேரில் பார்க்க வேண்டும். கப்பலுக்குப் போகிற உப்பு வேகன்களை எஞ்சின் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டிருந்தது. வகுப்பு இல்லாத நேரம் என்பதால், பாயிண்ட் அருகே மூத்தவர் லிவரை இழுத்துப் பிடித்து நின்றார். அதன் மறுமுனையில் பளு இருந்தது. கையை எடுத்தால் லிவர் தானாகப் பழைய பக்கம் சாய்ந்துவிடும். "அண்ணாச்சி" என்று கூப்பிட்டேன். அவர் முகம் திரும்பவில்லை. வேகன்கள் ஒவ்வொன்றாக அவரைக் கடந்தன. கடைசி வேகனின் கடைசிச் சக்கரமும் தாண்டிய பிறகே லிவரை மெதுவாக விட்டார்.

"என்ன டீச்சரம்மா, இங்கன?"

"நடுவில கைய எடுத்தா என்ன ஆகும்?"

"முன் சக்கரம் ஒரு பக்கம் போவும், பின் சக்கரம் மறுபக்கம் போவும். வேகன் சாயிற பக்கத்துல எவன் நிக்கானோ அவன் வீட்டுக்குப் போவமாட்டான்." பிறகு கொஞ்சம் யோசித்து, "ஆபீசர் சொல்லுத மாரி நானும் விட்டுப் பழகத்தான் பாக்கேன். கை கேக்க மாட்டுக்கு" என்றார்.

திரும்பும் வழியில் இரண்டு வழிகளை மனதில் எழுதிப் பார்த்தேன். ஒன்று, ஆட்களின் கையைப் பழக்குவது. மேசையில் உடனே விடப் பழகிய கை, என்றைக்காவது துறைமுகத்திலும் உடனே விடும். இரண்டு, காயிலைப் பழக்குவது. எவ்வளவு நேரம் அழுத்தினாலும் கருகாதபடி செய்வது. அதைச் செய்ய முடியும் என்று எனக்குத் தெரியும். செய்தால் என்ன ஆகும் என்பதும் தெரியும். பழைய பருத்தி மூட்டைகளின் நிழலில் சிறிது நேரம் நின்றேன். செய்துவிட்டால் அந்தக் கிட்டங்கியின் சாவி என் கையில் வராது. ஆனால் முதல் வழியை எப்படித் திருப்பிப் பார்த்தாலும் அதன் முடிவில் ஓர் ஆள் சாய்ந்த வேகனுக்கு அடியில் கிடந்தார்.

ஆபீசரிடம் சொன்னேன். அவர் நியாயமான மனிதர். பேனாவை மூடிவைத்துவிட்டுக் கேட்டார்.

"அப்படியென்றால் பெட்டியை மாற்ற முடியுமா?"

"முடியும் சார்."

"அதன்பின் காயில் கருகாது?"

"கருகாது சார்."

"நல்லது. செய்யுங்கள்." அடுத்த காகிதத்தை எடுத்துக்கொண்டார். என் உத்தரவில் இருந்த அந்த வரி அவருக்கு ஞாபகம் இருந்ததாகத் தெரியவில்லை.

செய்ய வேண்டியது கேட்பதற்கு எளிது. தண்டு போய்ச் சேர்ந்ததும் அதுவே தன் மின்சாரத்தை வெட்டிக்கொள்ள வேண்டும். தண்டின் பாதை முடிகிற இடத்தில் ஒரு பித்தளைத் தகடு வைத்து, தண்டு வந்து முட்டும்போது தகடு விலகி இணைப்பு அறும்படி செய்தேன். உடைந்த டார்ச் லைட் ஒன்றிலிருந்து தகடுகளை வெட்டினேன். முதல் பெட்டியில் பொத்தானை அழுத்தியபோது தையல் இயந்திரம் போலக் கடகடவென்று சத்தம். தண்டு முட்டுகிறது, மின்சாரம் அறுகிறது, தண்டு கொஞ்சம் பின்வாங்குகிறது, தகடு மறுபடி தொடுகிறது, மறுபடி இழுக்கிறது. நாக்குகள் இரண்டு பாதைகளுக்கும் நடுவே நடுங்கின. ஓர் ஆளைப் பயிற்றுவிக்க இதைவிட மோசமான பாயிண்ட் இருக்க முடியாது.

பல நாள் அதோடு இருந்தேன். அந்த நாட்களில் ஆட்களுக்கு வகுப்பு இல்லை. தூக்குச்சட்டியைத் திறக்கிற சத்தம் கிட்டங்கி முழுவதும் கேட்கும். சில நேரம் 'சரி, இப்போது இடது பக்கம்' என்று எனக்கு நானே வாய்விட்டுச் சொல்லிக்கொள்வேன், பிறகு வாசலைப் பார்ப்பேன். கடைசியில் டார்ச்சின் அடிச்சுருள் கம்பியை நிமிர்த்தி, சின்ன வில்லாக வளைத்து, தண்டின் பக்கவாட்டில் பொருத்தினேன். தண்டு பாதி வழியைத் தாண்டிவிட்டால் அந்த வில்லே அதை மறுமுனைக்குத் தள்ளி அங்கேயே பிடித்துக்கொள்ளும். அழுத்தினேன். 'டக்'. விடாமல் அழுத்திக்கொண்டே மற்றொரு கையால் காயிலைத் தொட்டேன். சில்லென்று இருந்தது. மாலை சங்கு ஊதும் வரை விரலை எடுக்கவில்லை. சில்லென்றே இருந்தது. கூப்பிட்டுச் சொல்ல யாராவது இருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மற்றப் பெட்டிகளையும் அதே போல மாற்றினேன். சோதனை நாளில் ஆபீசர் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மூத்தவரின் முறை வந்தபோது அவர் என்னைப் பார்த்தார்.

"விடணுமா, பிடிக்கணுமா டீச்சரம்மா?"

"உங்க கை சொல்லுத மாரி செய்யுங்க அண்ணாச்சி."

அவர் கட்டைவிரலை வைத்தார். எஞ்சின் வளைவில் வந்தது, வேகன்கள் ஊர்ந்தன. கடைசி வேகன் தாண்டும் வரை விரல் எழவில்லை. எல்லோரும் மூக்கைத் தூக்கி வாசனை பிடித்தார்கள். கடற்காற்று மட்டும்தான். "அண்ணாச்சிக்குப் பயந்து காயில் அடங்கிட்டுலே!" என்றார் ஆலந்தலைக்காரர். எல்லோரும் தேறினார்கள்.

ஆபீசர் என் வேலையை மனதாரப் பாராட்டினார். துறைமுகத்துத் தொலைபேசிக் கம்பிகளைப் பழுதுபார்க்கும் பிரிவில் இடம் உண்டா என்று கேட்டேன். பட்டாளத்திலிருந்து திரும்புகிற ஆண்களுக்கு அந்த இடங்கள் என்று மேலிடத்து முடிவு என்றார். "உங்களுக்காக எழுதிப் பார்த்தேன்" என்றும் சொன்னார். அவர் அப்படிச் சொன்னால் எழுதித்தான் இருப்பார்.

அன்று மாலை சித்தியிடம் சொன்னேன். அவர் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

"நல்லா வேல செஞ்சேன்னு சொல்லுத. பொறவு ஏன் ஏளா அனுப்புதாவ?"

"வேல முடிஞ்சிட்டு சித்தி."

"முடிக்காம வச்சிருக்கக் கூடாதாக்கும்?" என்றார். பிறகு முறத்திலிருந்து என் பங்கான ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துப் பானையில் திரும்பப் போட்டார்.

ஊருக்குக் கிளம்புகிற அன்று காலையில் என் திருப்புளிகளையும் இடுக்கியையும் எடுக்கக் கிட்டங்கிக்குப் போனேன். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வகுப்பு நடந்துகொண்டிருந்தது. மூத்தவர் இப்போது மேஸ்திரி, அவர்தான் நடத்தினார். என் சின்ன மேசையை யாரோ ஓரமாகத் தள்ளி அதன்மேல் சைகைக் கொடிகளை வைத்திருந்தார்கள். கருவிகளைப் பையில் போட்டுவிட்டு வாசலில் நின்றேன். ரயில் சுற்றி வந்தது. 'டக்'. மறுபடி சுற்றி வந்தது. 'டக்'. யாரும் என்னைக் கூப்பிடத் தேவை வரவில்லை.

மேஸ்திரி என்னைப் பார்த்துவிட்டார். ஒரு புதிய ஆளின் விரலைப் பொத்தானில் தன் கையால் அழுத்திப் பிடித்தபடியே, "ஒண்ணும் ஆகல டீச்சரம்மா, பாத்தியளா?" என்றார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

"பாத்தேன் அண்ணாச்சி" என்றேன்.

பஸ் மதியத்துக்கு மேல்தான். வெயில் ஏறுவதற்குள் கடற்கரை வரை நடந்துவிட்டு, அங்கேயும் செய்வதற்கு ஒன்றும் இல்லாததால், பஸ் நிற்கும் இடத்துக்கு முன்னதாகவே போய் உட்கார்ந்தேன்.