ஜெராக்ஸ் அக்காவுக்கு ஒரு கார்டியன்

மெஷினிலிருந்து பதினேழாவது தாள் வந்து விழுந்தபோதுதான் அந்த எண் ஜெராக்ஸ் அக்காவின் கண்ணில் பட்டது. கல்லூரி நோட்டீஸ் அது. முப்பது நகல் வேண்டும், அதுவும் இப்போதே வேண்டும் என்று கல்லூரி பியூன் கவுண்டரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு நிற்கிறார். ‘பெற்றோர் கையெழுத்தைத் தாங்களே போட்டுக்கொண்ட மாணவர்கள்’ என்று தலைப்பு. கீழே பதினோரு பதிவு எண்கள். பதினோராவது அவளுடையது.

"ஐயோ, இது நான்!"

பியூன் எட்டிப் பார்த்தார். "எதும்மா?"

"கடைசி நம்பர்! நாளைக்கு எனக்குப் பரீட்சை. ஹால் டிக்கெட்டை நிறுத்தி வச்சிருக்குன்னு போட்டிருக்கே!"

"நீங்களுமா? பசங்கதான் அப்படின்னு பார்த்தா..." அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரிக்காமல் என்ன செய்வார்? தன் மானத்தை வாங்கும் நோட்டீஸைத் தானே முப்பது நகல் எடுத்துக் கொடுத்தவள் இவள் ஒருத்தியாகத்தான் இருக்கும். மீதிப் பதின்மூன்றையும் எடுத்து, ஓரம் தட்டி, அடுக்கிக் கொடுத்தாள். வேலை வேலைதானே.

கல்லூரி வாசலுக்கு நேர் எதிரே கடை. பதினெட்டு வருடமாக அதே இடம், இப்போது ஓடுவது மூன்றாவது மெஷின். அது போக ஒரு ஸ்டூல் போடலாம், அவ்வளவுதான் இடம். கல்யாணத்தோடு பன்னிரண்டாம் வகுப்பில் பாதியில் நின்றுபோன படிப்பு அவளுடையது. ஆனால் பிள்ளைகள் நகலெடுக்கக் கொண்டுவரும் குறிப்புகளை, தாள் சூடாக வெளியே வரும்போதே ஒரு வரி, இரண்டு வரி என்று படித்துப் படித்து, யார் நோட்டில் என்ன தப்பு என்று சொல்லும் அளவுக்கு வந்துவிட்டாள்.

"தம்பி, இந்த ராஜா செத்து முப்பது வருஷம் கழிச்சு சண்டைக்குக் கிளம்புறாரே, உனக்கே நல்லாயிருக்கா?"

"அப்ப நீங்களே வந்து எழுதிடுங்கக்கா!"

எழுதினால்தான் என்ன என்று அவளுக்கும் தோன்றிவிட்டது. தோன்றிவிட்டால் விடுகிற ஆளா? விட்ட பரீட்சையைத் தனியாக எழுதித் தேறினாள். நாற்பத்தைந்து வயதில் தெருவைக் கடந்துபோய் வரலாறு முதல் வருடத்தில் சேர்ந்தாள். காலையில் வகுப்பு, மத்தியானத்துக்கு மேல் கடை.

சேரும்போது கொடுத்த படிவத்தில்தான் வந்தது வினை. அடியில் ‘பெற்றோர் அல்லது கார்டியன் கையெழுத்து’ என்று ஒரு கோடு. மகள் ஒன்றாம் வகுப்பில் காலெடுத்து வைத்ததிலிருந்து அந்தக் கோட்டைக் கண்ட இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டவள் இவள்தான். கணவர் லாரியோடு வாரக்கணக்கில் போய்விடுவார். கை பழகிவிட்டது. ‘பெற்றோர்’ என்று பார்த்ததும் பேனா தானாக ஓடிவிட்டது. மாணவர் கையெழுத்தும் அதே, பெற்றோர் கையெழுத்தும் அதே. ஒரே சுழி, ஒரே வால். இந்த வருடம் ஆபீஸில் எல்லாப் படிவத்தையும் கம்ப்யூட்டரில் ஏற்றி ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். வசமாக மாட்டிக்கொண்டாள்.

பட்டியலில் இருந்த மற்ற பத்துப் பேரும் சாயங்காலம் கடைக்கே வந்து குவிந்தார்கள். மன்னிப்புக் கடிதத்துக்கு மாதிரி அவளிடம்தான் இருக்கும். ‘நான் அறிந்தே ஏமாற்றினேன், இனி இவ்வாறு நடவாது’ என்று எத்தனையோ பிள்ளைகளைக் காப்பாற்றிய தாள்.

"அக்கா, உங்களுக்கும் ஒண்ணு எடுத்துக்குங்க!" என்றான் ஒருவன்.

"எனக்கு எதுக்குடா? நீங்க அப்பன் கையெழுத்தைப் போட்டீங்க. நான் என் கையெழுத்தைத்தானே போட்டேன்!"

"ஒரு வரிதானேக்கா. கொடுத்துட்டா ஹால் டிக்கெட் கையில வந்துரும்."

"அறிந்தே ஏமாற்றினேன்னு எழுதணும். நான் ஏமாத்தலை. எழுதமாட்டேன்."

"பரீட்சை போயிடும்க்கா!"

"போகாது. பார்க்கிறேன்."

சொல்லிவிட்டாளே தவிர, கணக்கு அவளுக்கும் தெரியும். இந்தப் பரீட்சை போனால் ஒரு வருடம் போயிற்று.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஒழுங்குக் குழு கூடியது. நீள மேசைக்குப் பின்னால் முதல்வர் அம்மா. பக்கத்தில் குழுத் தலைவர். படிக்கிற வரிக்கு அடியில் ஸ்கேலை வைத்துத்தான் எதையும் படிப்பார் என்பதால் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் ஸ்கேல் சார். பத்துப் பையன்களும் அப்பாக்களோடு உள்ளே போய்க் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, ஹால் டிக்கெட்டோடு வெளியே ஓடினார்கள். அப்பாக்கள் மட்டும் வராந்தாவில் நின்று ஆளுக்கு ஆள் மகனைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். இவள் முறை வந்தபோது மணி ஒன்பதே முக்கால். பத்துக்குப் பரீட்சை. பத்தேகாலுக்கு ஹால் கதவைச் சாத்திவிடுவார்கள்.

"உங்க பேரண்ட் எங்கம்மா?" என்றார் ஸ்கேல் சார்.

"இதோ நிக்கிறேனே சார்."

"உங்களோட பேரண்ட்."

"அவங்க போய்ச் சேர்ந்துட்டாங்க சார். கூப்பிட்டாலும் வரமாட்டாங்க."

"கணவரைக் கார்டியனா போட்டிருக்கலாமே?"

"அவரா? லாரிச் சாவியை எங்க வச்சேன்னு எனக்கு ஃபோன் போட்டுக் கேக்குற மனுஷன் சார். அவருக்கே நான்தான் கார்டியன்."

முதல்வர் அம்மா ஃபைலைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். ஸ்கேல் சார் சிரிக்கவில்லை. "விதி பதினாலு. கார்டியன் நேர்ல வரணும். மன்னிப்புக் கடிதம் கொடுக்கணும்."

"மூணாம் பக்கத்தைப் பாருங்க சார். வருஷா வருஷம் இந்த விதிப் புத்தகத்தை நான்தான் காப்பி போடுறேன். கார்டியன்னா யாருன்னு அதுல இருக்கு. மாணவரோட ஒரே வீட்டுல இருக்கணும், பொறுப்பு ஏத்துக்கணும், வயசு வந்திருக்கணும். எல்லாம் நான்தானே!"

அவர் புரட்டினார். ஸ்கேல் வரிவரியாக இறங்கி ஓர் இடத்தில் நின்றது. "உறவினரா இருக்கணும்னும் போட்டிருக்கு. உங்களுக்கு நீங்க என்னம்மா உறவு?"

அக்கா எட்டிப் பார்த்தாள். பதினெட்டு வருடமாகக் காப்பி போட்ட பக்கம். அந்த ஒரு சொல்லை எப்படி விட்டாள்? ஒரே வீட்டில் இருக்கிற, வயது வந்த உறவு ஒன்று இருக்கத்தான் இருக்கிறது. திட்டுவாளே என்று அவளிடம் மூச்சே விடவில்லை. வேறு வழியில்லை, ஃபோனை எடுத்தாள்.

அடுத்த தெரு ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கும் மகள், வெள்ளைக் கோட்டோடு மாடிப்படியில் தடதடவென்று ஏறி வந்தாள். அவள் உள்ளே நுழையவும் பத்து மணி அடிக்கவும் சரியாக இருந்தது.

"என்னம்மா, விழுந்துட்டியா?"

"இல்லடி. ஒரு கையெழுத்துப் போடணும்."

"கையெழுத்தா! அதுக்கா ஊசியும் கையுமா நின்னவ ஓடி வந்தேன்?"

ஸ்கேல் சார் விஷயத்தைச் சொல்லிக் கேட்டார்: "இவங்களுக்குக் கார்டியனா இருக்கச் சம்மதமா? வருகைப் பதிவு, மார்க், நடத்தை எல்லாம் இனிமே உங்க ஃபோனுக்குத்தான் வரும்."

மகளின் முகத்தில் பளிச்சென்று வெளிச்சம். "எல்லாமா சார்? கிளாஸுக்கு லேட்டாப் போனாகூடவா?"

"லேட்டாப் போனாகூட."

"சம்மதம் சார்! எங்க போடணும்?"

"அடிப்பாவி," என்று அக்கா முணுமுணுத்தாள்.

"சரி, கடிதம்?" என்றார் ஸ்கேல் சார்.

"அது மட்டும் முடியாது சார். ஏமாத்தினேன்னு நான் எழுதமாட்டேன்."

மணி பத்து ஐந்து. மகள் அம்மாவைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், தலையில் கையை வைத்துக்கொண்டாள். அப்போது முதல்வர் அம்மா வாயைத் திறந்தார். "விதி பதினஞ்சு. முடிவெடுக்கிறதுக்கு முன்னாடி கார்டியன் சொல்றதையும் குழு கேட்டாகணும். நீங்க சொல்லுங்கம்மா. வீட்டுல இவங்க எப்படி?"

"பிடிவாதம் மேடம். சொன்ன பேச்சு கேக்கமாட்டாங்க. சாப்பிடக் கூப்பிட்டா புத்தகத்தை விட்டு எழுந்திரிக்கமாட்டாங்க. நேரத்துக்குத் தூங்கமாட்டாங்க." மகள் மூச்சு வாங்கினாள். "ஆனா பொய் சொல்லமாட்டாங்க மேடம். எனக்கு லீவ் லெட்டர்ல காய்ச்சல்னு எழுதச் சொன்னா, தூங்கிட்டான்னு எழுதிக் கொடுப்பாங்க. டீச்சர் அதைக் கிளாஸ் முன்னாடி வாசிப்பாங்க. அந்த அவமானம் எல்லாம் நான் பட்டவ."

ஸ்கேல் சாரின் உதடு கோணியது. சிரிப்பு வந்தேவிட்டது. ஸ்கேலைக் கீழே வைத்தார். "நடந்ததை நடந்தபடி ரெண்டு வரி எழுதுங்க. போதும்."

‘பழக்க தோஷத்தில் போட்டுவிட்டேன். ஏமாற்ற அல்ல.’ அவ்வளவுதான் எழுதினாள். மகள் பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள். முத்திரை விழுந்தது. மணி பத்து பத்து. ஹால் இருப்பதோ மூன்றாவது கட்டிடத்தில்.

"சாத்திட்டா நான் வராம கதவைத் திறக்கமாட்டாங்க, வாங்க!" என்று ஸ்கேல் சார் முன்னால் பாய்ந்தார். வராந்தாவில் ஓடினால் தண்டனை என்று போர்டு எழுதி மாட்டியவரே அவர்தான். சட்டைப்பை பேனா தெறித்து விழுந்ததைக்கூட எடுக்கவில்லை. பின்னால் அக்கா, ஒரு கையில் புடவைக் கொசுவம், ஒரு கையில் ஹால் டிக்கெட். அவளுக்குப் பின்னால் மகள், அம்மாவின் பையைத் தூக்கிக்கொண்டு.

"விடாதீங்க சார்!" என்று வராந்தாவில் நின்ற அப்பாக்கள் கத்தினார்கள். "அம்மா, இன்னும் கொஞ்சந்தான்!"

கதவு சாத்துகிற நேரத்துக்கு ஸ்கேல் சாரின் கை குறுக்கே போய்விட்டது. பேச மூச்சில்லை, உள்ளே போ என்று விரலால் காட்டினார்.

அக்கா தன் இடத்தைத் தேடி உட்கார்ந்தாள். கேள்வித்தாள் வந்தது. முதல் கேள்வியைப் பார்த்ததும் பதில் முழுக்க மனதுக்குள் வந்து நின்றது, வருடத்தோடு, வரிசையோடு. பேனாவைத் திறந்தாள். ஜன்னலுக்கு வெளியே யாரோ கையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள்: நிமிர்ந்து உட்கார், தண்ணியைக் குடி, ரெண்டு தடவை படிச்சுட்டு எழுது.

கண்காணிப்பாளர் பக்கத்தில் வந்தார். "யாரும்மா அது, ஜன்னல்ல?"

"என் கார்டியன் சார். நீங்களே கொஞ்சம் போகச் சொல்லுங்க. நான் சொன்னா கேக்கமாட்டா," என்று சொல்லிவிட்டு அக்கா எழுத ஆரம்பித்தாள்.