பிஸ்கட் தகரத்தில் மூன்று அதிகாரிகள்

சந்திரமதிக்குப் பிடிக்காத பிராணி எது என்று கேட்டால் யோசிக்காமல் நத்தை என்பாள். பல்லி, பெருச்சாளி எல்லாம் அதற்கு அப்புறம்தான். ஜப்பான்காரன் காலத்தில் பசி தாங்காமல் அந்தப் பெரிய நத்தைகளைப் பொறுக்கி, சாம்பல் போட்டுக் கழுவி, அவித்துத் தின்றவள் அவள். அந்தக் கொழகொழப்பு இன்னும் தொண்டையைவிட்டுப் போகவில்லை என்பாள். அப்பேர்ப்பட்டவள் தலையில்தான் மூன்று நத்தைகளை வளர்க்கிற வேலை வந்து விழுந்தது.

ஊருக்கெல்லாம் சேதுபதி நத்தை வளர்க்கிறான் என்றுதான் பேச்சு. சேதுபதி அவள் புருஷன். கட்டிலில் உட்கார்ந்தபடி பெயர் வைத்ததும் பேசிக்கொண்டிருந்ததும் அவன். மற்றதெல்லாம் இவள்.

சேதுபதி முன்பு வாயும் கையும் ஓயாத மனுஷன். அறுபதாம் வருஷம் ஒரு கிடங்கில் ரப்பர் மூட்டை அடுக்கு சரிந்து இடுப்பில் விழுந்தது. உயிர் தப்பியது. இடுப்புக்குக் கீழே போனது போனதுதான். பஃபலோ ரோட்டில் ஒரு கடைவீட்டின் பின்பக்க அறையில் குடியிருந்தார்கள். அங்கே தூக்கிவந்து கட்டிலில் போட்டதும் சுவரைப் பார்க்கத் திரும்பிப் படுத்தான். மாதக்கணக்கில் அப்படியே கிடந்தான். கூப்பிட்டால் பதில் இல்லை. ஊட்டினால் இரண்டு வாய், அதற்குமேல் இல்லை. சந்திரமதி ஓர் ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். காலையில் அவனைக் கழுவித் துடைத்துவிட்டுப் போவாள். திரும்பி வரும்போதும் அதே சுவர், அதே முதுகு.

பின்னால் சாக்கடை. மழை பெய்தால் நத்தைகள் சுவரேறி வரும். ஒரு சாயங்காலம் உள்ளங்கை நீளத்துக்கு ஒன்று ஜன்னல் வழியாக வந்து அவன் மூக்குக்கு நேரே ஊர்ந்தது. சந்திரமதி துடைப்பத்தை ஓங்கிக்கொண்டு வந்தாள்.

“அடிக்காத சந்திரா. இங்க வந்து பாரு. சுண்ணாம்பைத் தின்னுது.”

துடைப்பம் கையிலிருந்து நழுவியது. அந்தக் குரலைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! நத்தை போன வழியெல்லாம் சுவரில் வெள்ளை சுரண்டியிருந்தது. நத்தைக்கு ஓடு கெட்டிப்பட சுண்ணாம்பு வேண்டியிருக்கும் போலிருக்கிறது. அன்று ராத்திரி அவன் எழுந்து உட்கார்ந்து சோறு கேட்டான். அந்த நத்தை மட்டும் கேட்டிருந்தால் அவள் காதுத்தோட்டைக் கழற்றிக் கொடுத்திருப்பாள்.

அந்த நன்றி கொஞ்ச காலம் தாங்கியது. ஒன்று மூன்றாயிற்று. பிஸ்கட் தகரத்தில் மண் பரப்பிக் கட்டிலோரம் வைத்தாயிற்று. பெரியதுக்குக் கங்காணி என்று பெயர், தொப்பையும் மெத்தனமும் அச்சு அசல் அப்படியே என்பான். எந்நேரமும் கொம்பை நீட்டி வேவு பார்ப்பது கிராணி. தின்பதைத் தவிர வேறொன்றும் தெரியாதது தவுக்கே. வாழ்நாளெல்லாம் தன்னை விரட்டிய மேஸ்திரி, கணக்குப்பிள்ளை, முதலாளி மூவரையும் தகரத்தில் போட்டு மூடிவைப்பதில் அவனுக்கு ஒரு குஷி. ஆண் பெண் பேதமில்லாமல் கங்காணியும் முட்டை போட்டது, கிராணியும் முட்டை போட்டது. அவற்றைத் தோண்டியெடுத்து அழிப்பதும் சந்திரமதியின் வேலைதான். விட்டால் தேக்கா வட்டாரம் முழுக்க நத்தை ஊரும்.

வேலை முடிந்து வருகிறவள் மார்க்கெட்டில் கழித்துப்போட்ட முட்டைக்கோசு இலையைப் பொறுக்கிக்கொண்டு வரவேண்டும். காப்பிக்கடையில் முட்டை ஓடு கேட்டு வாங்கி, கழுவி, நுணுக்கிப் போடவேண்டும். மண் காயக்கூடாது. அதற்குக் குழாய்த் தண்ணீரும் ஆகாது, மருந்து வாடை அடிக்கிறதாம். ராத்திரியே பேசின் என்கிற அகலப் பாத்திரத்தில் பிடித்துவைத்து, காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் ஒரு குவளை தெளித்துவிட்டுப் போகவேண்டும்.

“கிராணி நேத்துலேர்ந்து சரியா சாப்பிடல, சந்திரா. வெள்ளரிக்கா கெடைச்சா கொண்டா லா.”

கொண்டுவந்தாள். கொண்டுவரும்போதெல்லாம் அவளுக்கு மனசுக்குள் ஒன்று அறுத்துக்கொண்டே இருந்தது. கங்காணியின் ஓட்டில் எத்தனை கீறல், எந்தக் கீறல் எப்போது விழுந்தது, எல்லாம் இவனுக்குத் தெரியும். ஒரு நாளைக்கு, ஒரே ஒரு நாளைக்கு, “நீ சாப்பிட்டியா?” என்று கேட்க மாட்டானா? காசு பணம் அவள் கேட்கவில்லை. வைர மூக்குத்தி கேட்கவில்லை. நானும் இந்த அறையில்தான் இருக்கிறேன் என்று இந்த மனுஷனுக்குத் தெரிந்தால் போதும் என்றிருந்தது. கேட்டு வாங்குகிற சங்கதியா அது? அதனால் கேட்காமலே இருந்தாள்.

சலவைக்கூடத்தில் சோடாக்காரத்தில் அலசி அலசி அவள் விரலிடுக்கெல்லாம் வெடித்துப் போயிருந்தது. சோறு பிசையும்போது குழம்பின் உப்பு ஏறிக் கை எரியும். அவசர அவசரமாக நாலு வாய் போட்டுக்கொண்டு கையைக் கழுவிவிடுவாள். சேதுபதிக்குப் பரிமாறியபின் அடுப்படியில் திரும்பி உட்கார்ந்து சாப்பிடுவதால் இதெல்லாம் அவன் கண்ணில் பட்டதில்லை.

அறுபத்தாறில் தோ பாயோவில் வீடு கிடைத்தது. அடுக்குமாடியில் நாலாவது மாடி, ஓர் அறையும் சமையற்கட்டும். வீட்டுக்குள்ளேயே குழாய். சாமான் ஏற்றிய லாரியில் முன்பக்கம் சேதுபதி தகரத்தை மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். புது வீட்டுக்குள் முதலில் போகவேண்டிய உப்பு ஜாடியும் மஞ்சளும் சந்திரமதி மடியில்.

“உப்பை அந்தப் பக்கம் வச்சுக்க. இதுங்க மேல பட்டா செத்துடும்” என்றான்.

அவள் மடியிலும் ஒரு ஜாடி இருக்கிறது, மேட்டில் லாரி குலுங்கினால் அவளும்தான் சரிவாள் என்று சொல்ல நினைத்து, ஜாடியைத் தள்ளிப் பிடித்துக்கொண்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை புது வீடு பார்க்க ஆட்கள் வந்தவண்ணம் இருந்தார்கள். கடைசியாக வந்தது பூவம்மா. சலவைக்கூடத்தில் சந்திரமதியோடு வேலை செய்கிறவள், நாலைந்து வயது மூத்தவள்.

“குழாய் இருக்கு, லைட் இருக்கு, ஊரே வந்து பாத்துட்டுப் போயிருக்கு. எத்தனை கண்ணு பட்டிருக்கும்! ஒன் வீட்டுக்காரருக்குச் சுத்திப் போடு சந்திரா” என்றாள்.

“அடுப்பு மண்ணெண்ணெய் அடுப்பு, அக்கா. உப்பை எதுல போடறது?”

“தண்ணியில கரைச்சு வை. காலையில கீழ போகும்போது ஆள் மிதிக்காத எடமா பாத்து ஊத்து.”

விளக்கு வைக்கிற நேரத்தில் சந்திரமதி கை நிறையக் கல்லுப்பும் மூன்று காய்ந்த மிளகாயும் எடுத்துச் சேதுபதியைச் சுற்றினாள். அவன் சிரித்துக்கொண்டே தலையைக் காட்டினான். பேசினைத் தவிர அகலமான பாத்திரம் எதையும் இன்னும் மூட்டையிலிருந்து பிரிக்கவில்லை. அதில் கொஞ்சம் தண்ணீர் விட்டு எல்லாவற்றையும் கரைத்து மூலையில் வைத்தாள். அன்றைக்குத்தான் நத்தைத் தண்ணீர் பிடித்துவைக்க மறந்துபோனாள். வீடு மாற்றிய அலுப்பு, வந்தவர்களுக்கெல்லாம் காப்பி போட்ட அலுப்பு. படுத்தது தெரியும், தூங்கியது தெரியாது.

காலையில் எழுந்தவளுக்குப் பாதித் தூக்கம். இத்தனை வருஷமும் செய்ததைக் கை தானாகவே செய்தது. பேசினில் குவளையை விட்டு மொண்டாள், தகரத்தில் தெளித்தாள். புடவையைச் சரிசெய்துகொண்டிருக்கும்போது சேதுபதி அலறினான்.

“சந்திரா! கங்காணி நுரை தள்ளுது!”

ஓடிவந்து பார்த்தாள். ஈர மண்ணின்மேல் ஒரு சிவப்பு மிளகாய் கிடந்தது. நத்தைகள் மூன்றும் ஓட்டுக்குள் சுருண்டு நுரை நுரையாகக் கக்கிக்கொண்டிருந்தன. தகரத்தைத் தூக்கிக்கொண்டு சமையற்கட்டுக்கு ஓடினாள். குழாயைத் திறந்து ஒவ்வொன்றாகக் காட்டிக் கழுவினாள். ஓட்டிலிருந்து வழிந்த உப்புத் தண்ணீர் விரல் வெடிப்பில் இறங்கி உயிர் போகிற மாதிரி எரிந்தது.

பின்னால் தொப்பென்று ஒரு சத்தம். திரும்பினாள். சேதுபதி கட்டிலிலிருந்து கீழே இறங்கியிருந்தான். இரண்டு கைகளையும் புதுச் சிமெண்டுத் தரையில் ஊன்றி, உடம்பை இழுத்து இழுத்து, மூச்சிரைக்க வந்துகொண்டிருந்தான். ஆறு வருஷமாக அவன் தானாகக் கட்டிலைவிட்டு இறங்கியதே இல்லை. அவள்தான் தூக்கி இறக்குவாள், தூக்கி ஏற்றுவாள். அதில் அவள் இடுப்பும் போயிருந்தது.

அவன் குழாயடிக்கு வந்து சேர்ந்து, வாளியை இழுத்துக்கொண்டு, “கங்காணியக் கொடு” என்று கை நீட்டினான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

“வேணும்னே செஞ்சியா?”

“வேணும்னு செய்யறதுக்குத் தெம்பு வேணும்ங்க. என்கிட்ட அது இல்ல.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவளுக்கு அதுவரை வராத கோபம் அப்போதுதான் வந்தது.

“இப்படி வர முடியும்னா இத்தனை வருஷம் ஏன் வரல? நான் காய்ச்சல்ல விழுந்து கெடந்தப்ப ஒரு வாய் தண்ணிக்கு வந்திருக்கலாமே!”

கங்காணியைக் கொடுக்க அவள் குனிந்தபோது அவள் கை அவன் முகத்துக்கு நேரே இருந்தது. நத்தையை வாங்காமல் அந்தக் கையையே பார்த்தான்.

“கை என்ன இப்படி இருக்கு?”

“நீங்க விழுந்த வருஷத்துலேர்ந்து இப்படித்தான் இருக்கு.”

“சொல்லவே இல்லையே நீ.”

“நத்தை வந்து தன் கீறலைச் சொல்லிச்சா? நீங்களாத்தானே பாத்தீங்க.”

நத்தையை அவன் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அவனைத் திரும்பக் கட்டிலில் ஏற்றிவிட வேண்டும் என்று கீழே போனபிறகுதான் ஞாபகம் வந்தது. பஸ் வந்துவிட்டது. ஏறிவிட்டாள்.

நாள் முழுக்க அதே நினைப்பு. அந்தப் பிராணிகள் சுவரில் சுண்ணாம்பைத் தின்னாமல் போயிருந்தால் இந்த மனுஷன் இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பானோ என்னவோ. இப்போது அவை போனால் மறுபடி சுவரைப் பார்க்கத் திரும்பிவிட்டால்? இன்னொரு தடவை அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு இருக்க அவளால் ஆகாது. பூவம்மா என்னென்னவோ கேட்டாள். சந்திரமதி துணியை அலசிக்கொண்டே இருந்தாள்.

சாயங்காலம் கதவைத் திறந்ததும் கட்டிலைத்தான் பார்த்தாள். காலியாக இருந்தது. சேதுபதி சமையற்கட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் மண்ணெண்ணெய் அடுப்பு, ஒரு பானை, ஒரு சட்டி. சுற்றிலும் தண்ணீர் சிந்திக் கிடந்தது.

“கிராணியும் தவுக்கேயும் போயிருச்சு. கங்காணி உள்ள சுருண்டுதான் கெடக்கு. மத்தியானம் ஒரு தடவை கொம்பை நீட்டிச்சு. பாக்கலாம்.” கொஞ்சம் நிறுத்தி, “நீ சாப்பிட்டியா?” என்றான்.

அவள் இல்லை என்று தலையாட்டினாள். அவன் தட்டை அவள் பக்கம் தள்ளினான். அடிப்பிடித்த சோறு, நீர்த்துப்போன பருப்பு. அவள் உட்கார்ந்து பிசைந்து ஒரு வாய் வைத்தாள். சப்பென்று இருந்தது. காலையில் நடந்ததன் கோபத்தில் ஜாடியைத் தூக்கி எறிந்துவிட்டானோ என்று திரும்பிப் பார்த்தாள். உப்பு ஜாடி வைத்த இடத்திலேயே இருந்தது.

“உப்பு போடலியா?”

“கை எரியும்ல” என்றான் சேதுபதி.

சந்திரமதி இரண்டாவது வாய் எடுத்தாள், மூன்றாவது வாய் எடுத்தாள். தட்டு காலியானபிறகு இன்னும் கொஞ்சம் போடச் சொன்னாள். அன்றைக்குக் கை கழுவ அவளுக்கு அவசரம் இருக்கவில்லை.