நான் சோதித்த பத்துக் குறிப்புகள்

யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் வீட்டிலிருந்தபடியே மென்பொருள் வேலை செய்கிறேன். பக்கத்துத் திருநெல்வேலியில் உள்ள ஒரு சிறுவர் மருத்துவ நிலையத்தின் பழைய மென்பொருளைப் புதிய தளத்துக்கு மாற்றித் தரும்படி எங்கள் நிறுவனத்தை நடத்தும் அண்ணை கேட்டபோது பயந்தேன். அதை எழுதியவர் எப்போதோ கனடா போய்விட்டார். என் மகளையும் அந்த நிலையத்தில்தான் காட்டுகிறோம்.

பழைய கோப்பைப் புதிய கருவியில் திறந்ததும் ஓர் எச்சரிக்கை வந்தது: மாற்றிய பின் இது பழைய கருவியில் திறக்காது. அதிலிருந்த பிள்ளைகளின் குறிப்புகளோடு சேர்த்து மூன்று பிரதிகள் எடுத்தேன். மூன்றாவதை உண்மையில் எடுத்தேனா என்று சந்தேகம் வந்து நான்காவதும் எடுத்தேன். சிவப்புச் சிவப்பாய் வந்த பிழைகளைத் தீர்க்க ஒரு கிழமை, ஏழு நாளும், போனது.

ஒருவழியாக ஓடியது. ஆனால் தமிழ்க் குறிப்புகளெல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரிந்தன. அந்தக் காலத்து வழக்கப்படி, ஆங்கில எழுத்துகளின் மேல் ஒரு தமிழ் எழுத்துருவைப் போர்த்தி எழுதியிருந்தார்கள். புதிய தளத்தில் அந்தப் போர்வை இல்லை. எல்லாக் குறிப்புகளையும் யூனிகோடுக்கு மாற்ற ஒரு சிறு நிரல் எழுதி ஓட்டினேன். பத்தைத் திறந்து பார்த்தேன். நல்ல தமிழ். ஞாயிறன்று அண்ணை போய் நிறுவிவிட்டு வந்தார்.

திங்கள் காலை, மகளுக்கு இடியப்பம் தீத்திக்கொண்டே மடிக்கணினியில் அவளுடைய பதிவைத் திறந்தேன். பென்சிலின் சேராது என்று டொக்டர் எழுதியிருந்த இடத்தில் வாசிக்கவே முடியாத தமிழெழுத்துக் குவியல்.

டொக்டர் ஆங்கிலத்தில் எழுதுபவர். தாதி அக்காதான் தமிழில் எழுதுவார். எது எந்த மொழி என்பதைப் பழைய மென்பொருள் தனியே குறித்து வைத்திருந்தது. நான் அதைப் பார்க்காமல் ஆங்கிலத்தையும் தமிழென்று எண்ணி மாற்றியிருக்கிறேன். நான் சோதித்த பத்தும் அக்கா எழுதியவை.

நிலையம் ஏழு மணிக்கே திறந்திருக்கும். அழைத்தேன், யாரும் எடுக்கவில்லை. வாய் துடைக்காத மகளையும் மடிக்கணினியையும் ஸ்கூட்டியில் ஏற்றினேன்.

"என்ன பிள்ளை, விடியவே ஓடி வாறாய்?" என்றார் அக்கா. "உந்தப் பெட்டி ஏதோ சீனப் பாஷை கதைக்குது. அதுக்கோ வந்தனீ?"

"அக்கா, ஆரும் ஊசி போட உள்ளுக்குப் போயிட்டினமோ?"

"ஓம், இப்பதான் ஒரு தேப்பன் மகனோடை போனவர்."

உள்ளே ஊசி தட்டில் இருந்தது. திரையில் அதே குவியல். டொக்டர் தகப்பனிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சேராத மருந்து ஏதும் இருக்கோ?"

"எனக்குத் தெரியாது டொக்டர். மனிசிக்குத்தான் தெரியும். அவ போன் எடுக்கிறா இல்லை."

"போடாதேங்கோ!" என்றேன்.

மடிக்கணினியில் பழைய பிரதியைத் திறந்தேன். முதல் பிரதி திறக்க எடுத்த அந்தச் சில நொடிகளுக்குள், நான்கும் பழுதாகியிருந்தால் என்ன செய்வேன் என்று நினைத்து முடித்துவிட்டேன். திறந்தது. 'பயந்த பிள்ளை. ஊசிக்கு முன் கொஞ்சம் கதைக்கவும்' என்று ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் வாசித்துச் சொன்னேன். வேறொன்றுமில்லை.

"அது தாயைப்போலை," என்று தகப்பன் சிரித்தார். எனக்குச் சிரிக்க வரவில்லை. அடுத்த பிள்ளைக்கு என்ன எழுதியிருக்கிறதோ?

மதியம்வரை அக்காவுக்குப் பக்கத்தில் இருந்து, உள்ளே போகும் ஒவ்வொரு பிள்ளையின் குறிப்பையும் பழைய பிரதியிலிருந்து வாசித்தேன். மகள் என் மடியிலேயே தூங்கிப்போனாள். அண்ணையை அழைத்து, என்னுடைய பிழை என்று சொன்னேன். பிறகு நிரலைத் திருத்தி, டொக்டர் எழுதிய ஒவ்வொன்றையும் பழையதோடு ஒப்பிட்டேன். இம்முறை பத்தோடு நிறுத்தவில்லை.

அடுத்த மாதம் மகளுக்குக் காய்ச்சல். டொக்டர் முன்னால் உட்கார்ந்ததும் பென்சிலின் சேராது என்று சொன்னேன்.

"தெரியும் பிள்ளை, இதிலை வடிவா, தெளிவாக் கிடக்குது," என்று திரையைக் காட்டினார்.

"ஓம் டொக்டர். அதை மாத்தினது நான். அதாலைதான் சொல்லுறன்."