மஞ்சள் வைத்த கார்டு

செந்தூர் முருகனை நம்பி இருக்கிற எல்லோருக்கும் டெல்லி துவாரகாவிலிருந்து லட்சுமி எழுதுகிறேன். பத்தாம் வகுப்போடு நின்றவள், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

துவாரகாவுக்கு மெட்ரோ வந்த அடுத்த ஆனி மாதம். பாஸ்புக்கில் என்ட்ரி போடப் பேங்குக்குப் போனேன். மகள் காலேஜ் அட்மிஷனுக்குச் சேர்த்து வைத்த பணம் முழுக்கப் போயிருந்தது. நான்கு நாளில், வேறு வேறு ஏ.டி.எம்.மில் எடுத்திருக்கிறார்கள்.

"கார்டு உங்களிடம்தானே இருக்கு?" என்று பேங்க்காரர் ஹிந்தியில் கேட்டார். பர்ஸிலிருந்து தூக்கிக் காட்டினேன். அதை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "அச்சா. ரகசிய நம்பரும் சரியாப் போட்டிருக்கு. கர் மே பூச்சியே" என்றார். வீட்டில் கேளுங்கள் என்று அர்த்தம். கேமராவில் பார்க்கலாமே என்றேன். அது ரிப்பேராம். கார்டை நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வீட்டில் கேளுங்கள். அந்தப் பேச்சு என்னைப் பிடித்துக்கொண்டது.

வீட்டில் யார் இருக்கிறார்கள்? என் வீட்டுக்காரர் சர்க்கார் கிளார்க், அந்த மாதம் முழுக்க வெளியூர் டூர். மகள். அப்புறம் கொழுந்தன் சுடலைமுத்து, ஏர்போர்ட் கார்கோவில் வேலை, ஏழு வருஷமாக எங்களோடு இருக்கிறான். கார்டின் ரகசிய நம்பர் அவனுக்குத் தெரியும். தெரிந்ததும் என்னால்தான்.

இரண்டு வாரம் முன்பு, நம் ஊர்க் காய்கறி கிடைக்கும் ஐ.என்.ஏ. மார்க்கெட் ஏ.டி.எம்.மில் நிற்கும்போது நம்பர் மறந்துவிட்டது. வீட்டுக்குப் போன் போட்டேன். அரிசி டப்பா மூடிக்குள் ஒட்டியிருந்ததைப் பார்த்து சுடலை சொன்னான். நான் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லி மனதில் ஏற்றிக்கொண்டேன். மறுபடி கார்டைப் போட்டால் மெஷின் வாங்கவில்லை.

"எக்கா, தலைகீழாப் போடுதிய. இங்க தாங்க" என்று பின்னாலிருந்து ஒரு குரல். கார்டை வாங்கிச் சட்டையில் துடைத்துச் சொருகினார். பணம் வந்தது. கார்டையும் அவரே எடுத்துக் கொடுத்தார். எந்த ஊர் தம்பி என்று கேட்டேன். "அம்பாசமுத்திரம் பக்கம்க்கா." என் பிறந்த ஊருக்கு இரண்டு ஊர் தள்ளி. எனக்கு வயிறு குளிர்ந்துவிட்டது. கையிலிருந்த முறுக்குப் பொட்டலத்தைக் கொடுத்து, நல்லா இரு என்று வாழ்த்திவிட்டு வந்தேன்.

அந்த முகம் எனக்கு நினைவுக்கே வரவில்லை. சுடலையின் முகம்தான் கண்ணில் நின்றது. துவைக்கப் போடும் சட்டையில் பை பையாகத் தேடினேன். அவன் புது ஷூ வாங்கியிருந்தான். எந்தப் பணத்தில்? பால்கனியில் போய்ப் போன் பேசினான். யாரிடம்? சாப்பிட உட்கார்ந்தால் இரண்டாம் முறை சாதம் வேண்டுமா என்று கேட்பதை விட்டுவிட்டேன். டூரில் இருந்தவரிடம் போனில் சொன்னேன். "என்ன பேச்சுப் பேசுத? அவன் அப்படிப்பட்டவனா?" என்று அதட்டினார். "பேங்க்காரனே சொல்லுதான்" என்றேன்.

தினமும் விளக்கேற்றி அழுதேன். எடுத்தது யார் என்றுகூட நான் கேட்கவில்லை. "முருகா, சுடலையைக் காட்டிக் கொடு" என்றே கேட்டேன்.

பீஸ் கட்ட வேண்டிய நாள் நெருங்கியது. ஒரு வியாழக்கிழமை சுடலை ஒரு கவரை நீட்டினான். "மதினி, பாப்பா பீஸுக்கு வச்சுக்கிடுங்க. வேலையில சீட்டு எடுத்தேன்."

எங்கள் பணம்தான் பயந்து திரும்பி வருகிறது என்று நினைத்தேன். "எடுத்த இடத்துலயே வச்சிருக்கலாமே" என்று சொல்லிவிட்டேன்.

"ஏர்போர்ட்டுக்கிட்ட பாலம் ஏரியாவுல ஒரு ரூம் பாத்துக்கிடுதேன் மதினி. அண்ணன் வந்ததும் போயிருதேன்" என்றான். கவரைச் சாமி படத்தடியில் வைத்துவிட்டுப் போனான்.

மறுநாள் வெள்ளி. தபாலில் புது கார்டு வந்தது. எங்கள் வீட்டில் புதிதாக எது வந்தாலும், சாவியோ கேஸ் புத்தகமோ, மஞ்சள் பொட்டு வைத்து முருகன் முன்னால் வைத்த பிறகுதான் புழங்குவோம். பழைய கார்டுக்கும் வைத்தேன். பின்பக்கத்து வெள்ளைப் பட்டையில் மஞ்சள் ஊறிவிட்டது. "அது கையெழுத்துப் போடுத இடம்டீ" என்று அவர் அன்றைக்குத் திட்டினார். எந்த ஓரத்தில் வைத்தோம் என்று பார்க்கப் பழைய கார்டைத் திருப்பினேன்.

பட்டை வெள்ளை வெளேரென்று இருந்தது.

சுடலையைக் கூப்பிட்டேன். பேங்க் அனுப்பிய பழைய கடிதத்தை எடுத்து நம்பரை ஒத்துப் பார்த்தான். அந்தக் காலத்துக் கார்டில் பெயர் கிடையாது, நம்பர் மட்டும்தான். "மதினி, இது நம்ம கார்டே இல்ல. எவனோ மாத்திட்டான். வேற யாரு கையிலயாவது குடுத்தியளா?"

அப்போதுதான் அந்த "எக்கா" காதில் விழுந்தது. நம் ஊர்ப் பேச்சு பேசினான் என்பதற்காக அவனை ஒரு நிமிஷம்கூட நான் சந்தேகப்படவில்லை. ஏழு வருஷம் என் கையால் சாப்பிட்டவனைத் திருடன் என்றேன். தரையில் உட்கார்ந்து அழுதேன்.

சுடலை கார்டையும் கடிதத்தையும் கையில் எடுத்துக்கொண்டான். "தமிழ்ல நம்பரைச் சொன்னா டெல்லியில எவனுக்குத் தெரியும்னு நெனச்சியளாக்கும்? ஐ.என்.ஏ.ல கறிவேப்பிலை விக்கிற ஹிந்திக்காரன்கூட தமிழ்லதான் வெல சொல்லுதான். எந்திரிங்க, பேங்குக்குப் போவோம்" என்றான்.

அந்தக் கார்டு யாரோ தொலைத்தது என்று பேங்கில் சொன்னார்கள். போலீஸிலும் எழுதிக் கொடுத்தோம். அவன் அகப்படவில்லை. ஒரு வருஷம் நடக்கவிட்டுப் பேங்கில் பாதிப் பணம்தான் கொடுத்தார்கள். மகள் சேர்ந்தது சுடலையின் சீட்டுப் பணத்தில்.

இன்றைக்கும் புது கார்டுக்கு மஞ்சள் வைக்கிறேன். அரிசி டப்பா மூடியில் எதுவும் ஒட்டுவதில்லை. நம்பர் அழுத்தும்போது முந்தானையால் மூடிக்கொள்கிறேன். பின்னால் நிற்பவர் எந்தப் பாஷை பேசினாலும் கார்டைக் கொடுப்பதில்லை.

யார் மேலாவது சந்தேகத்தோடு சாமி முன்னால் நிற்கிறவர்களுக்கு என் அனுபவம் இது. பெயரை நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள். கேட்டுவிட்டுக் காத்திருங்கள், முருகன் காட்டுவான். எனக்கு என் தப்பைத்தான் காட்டினான். சுடலை பாலம் ரூமுக்குப் போகவில்லை. இன்று இரவுச் சாப்பாட்டுக்கு அவனும் இருக்கிறான், இரண்டாம் முறை சாதம் நானே கேட்டுப் போடுவேன்.