வாடை வருதா?

ரஷீதாவுக்குப் பிடித்தது என்ன என்று கேட்டால் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்ல வேண்டும். பிடிக்காததைச் சொல்லத் தொடங்கினால் பொழுது போதாது. மேலப்பாளையத்திலிருந்து கல்யாணமாகித் தாராவிக்கு வந்த அன்று, டாக்ஸியிலிருந்து காலைக் கீழே வைத்தவள் முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். சாக்கடை, ஈரத்தோல், பசை, பக்கத்து வீட்டு அழுகல் வெங்காயம் எல்லாம் சேர்ந்து அடித்தன. பேரப்பிள்ளை எடுத்த பிறகும் அந்த முந்தானை இறங்கவில்லை. சந்துக்காரர்கள் அவளுக்கு மூக்கம்மா என்று பேர் வைத்தார்கள். அவர்கள் மேல் அடித்த எண்ணெய் வாடையும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

புருஷன் உதுமான் சொந்த மாமன் மகன்தான். தோல் பை தைக்கிற பட்டறை வைத்திருந்தார். மீன் விற்ற காசு நாறுமா என்று சொல்லிக்கொண்டே வீட்டுச் செலவுக்கு நோட்டை நீட்டுவார். நாறும் என்பாள் ரஷீதா. விரல் நுனியில் வாங்கி, மாடத்தில் போட்டுவிட்டுக் கையைக் கழுவுவாள்.

வேடிக்கை என்னவென்றால், அந்த மனுஷருக்கு மூக்கே கிடையாது. பசையும் தோலும் முக்கால்வாசியைத் தின்ன, மிச்சத்தைக் கொரோனா கொண்டுபோனது. அதனால் பால், கறி, பட்டறைக்கு வந்திறங்கும் தோல் எதுவானாலும் ரஷீதாவின் முகத்துக்கு நேரே நீட்டி, “வாடை வருதா?” என்று கேட்பார். வருது என்று அவள் சொன்னால் தூக்கி எறிந்துவிடுவார், மறுகேள்வி கிடையாது. கடைக்காரன் எடை போட்டதை வீட்டில் மறுபடி நிறுத்துப் பார்க்கிற ஆள், அவள் மூக்கை மட்டும் ஒருநாளும் சோதித்ததில்லை.

இப்படிப்பட்டவளின் வீட்டுக்குள் அவர் கடலைக் கொண்டுவந்து வைத்தார். உப்புத்தண்ணீர் தொட்டி, அதில் உயிருள்ள பவளம், ஓட்டை ஓட்டையாய்க் கல், ஆரஞ்சு நிறத்தில் ஒரு ஜோடி மீன். பார்க்கிறவர்கள் வாயைப் பிளந்தார்கள். ரஷீதாவுக்கோ ஓங்கரித்துக்கொண்டு வந்தது. சட்னி அரைக்கிற மிக்ஸி ஜாரில் அவர் மீன்களுக்குத் தீனியாய் இறால் அரைத்தார். சுவரில் உப்புப் பூத்தது. உறங்கும்போதுகூடத் தலைமாட்டில் கவிச்சி. பட்டறையில் லாபமோ நட்டமோ, வந்ததும் அவர் போய் நிற்பது அந்தக் கண்ணாடி முன்னால்தான். பெற்ற மகள் சஃப்ரீனைக்கூட அப்படிப் பார்த்ததில்லை என்று ரஷீதா சொல்வாள். சொல்லும்போது அருவருப்பு பாதி, பொறாமை பாதி.

செம்பூரில் வீடு வாங்கினார்கள். ஜன்னலைத் திறந்தால் காற்று வரும் வீடு. அங்கேயாவது நாற்றமில்லாமல் கண்ணை மூட வேண்டும் என்பதுதான் அவள் கேட்ட ஒரே வரம். தொட்டி வரக்கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றாள். கடைசியில் உதுமான் இறங்கிவந்தார்.

“கொண்டுபோயி வைக்கதுக்குள்ள ஒரு உசுரு போனாலும் அதோட விட்டுருதேன். மறுபடி இந்த வீட்டுல டேங்க் கிடையாது. இது சத்தியம்.”

இப்படிப்பட்ட தொட்டியை இடம் மாற்றுவது லேசுப்பட்ட காரியமில்லை. பழைய தண்ணீரை டிரம்களில் பிடித்தார். கல்லையும் பவளத்தையும் தண்ணீருக்குள்ளேயே மூழ்க வைத்தார். மீன்களைத் தெர்மகோல் பெட்டியில் விட்டு, பேட்டரியில் ஓடும் காற்றுக்குழாயைச் சொருகினார். தொட்டியின் அடியில் கிடந்த மணலைத்தான் எறிந்திருக்க வேண்டும். வளர்ப்பு மீன் கடைக்காரர் தலைதலையாய் அடித்துக்கொண்டு சொல்லியிருந்தார்: வருடக்கணக்காய்க் கிடந்த மணலைக் கிளறினால் அடியிலிருக்கும் விஷம் மேலே வரும், அழுகின முட்டை வாடை அடிக்கும், அந்தத் தண்ணீரில் மீனை விட்டால் அவ்வளவுதான். உதுமானுக்கு மனசு வரவில்லை. தண்ணீரைச் சுத்தம் செய்கிற கிருமியெல்லாம் அதில்தானே இருக்கிறது என்று பெயின்ட் வாளியில் அள்ளி மூடிக்கொண்டார். கஞ்சத்தனத்துக்கு அவர் எப்போதும் நல்ல காரணம் வைத்திருப்பார்.

சயானிலும் சுனாபட்டியிலும் நெரிசலில் நின்று நின்று டெம்போ செம்பூர் வந்து சேர மதியமாகிவிட்டது. ஆட்கள் சாமானை இறக்கிவிட்டுப் போனார்கள். புது வீட்டில் இவர்கள் இருவர் மட்டும். உதுமான் மணலைத் தொட்டியில் கொட்டி, ஒரு டிரம் தண்ணீரை ஊற்றினார். தண்ணீர் கலங்கி ஏறியது.

வாடை வந்தது. அழுகின முட்டையை மூக்குக்குக் கீழே உடைத்த மாதிரி வந்தது.

பெட்டியில் காற்றுக்குழாயின் சத்தம் இளைத்துக்கொண்டிருந்தது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. உதுமான் அவசரமாய்த் திரும்பி, வழக்கம்போல் கேட்டார்.

“முட்டை வாடை ஏதும் வருதா?”

ரஷீதா ஜன்னலைப் பார்த்தாள். அவள் கேட்ட வரம் ஒரு சொல் தூரத்தில் இருந்தது.

“பெயின்ட் வாடைதான் வருது,” என்றாள்.

சுவர்களில் புதுப் பெயின்ட் வாடை அடித்தது உண்மைதான். உதுமான் தலையாட்டினார். அவ்வளவுதான், அதற்குமேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிளாஸ்டிக் மக்கில் ஒரு மீனை மொண்டு, அதனிடம் என்னமோ முணுமுணுத்துக்கொண்டே தொட்டிக்கு மேலே கொண்டுபோனார். அவர் அப்படித் தலையாட்டியதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. எத்தனையோ நாற்றத்தைப் பொறுத்தவளுக்கு, தன் வாயிலிருந்து வந்ததைப் பொறுக்க முடியவில்லை. சீ என்று இருந்தது.

“விடாதீய மச்சான். முட்டை வாடை.”

மக் அந்தரத்தில் நின்றது. உதுமான் மீனைப் பெட்டியிலேயே திரும்ப விட்டு, பேட்டரியை மாற்றினார். பிறகுதான் அவள் பக்கம் திரும்பினார்.

“இப்பத்தான் வருதா?”

ரஷீதா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

அவர் திரும்பக் கேட்கவில்லை. அந்தத் தண்ணீரையும் மணலையும் அள்ளிக் கொட்டி, கண்ணாடியைக் கழுவி, மிச்ச டிரம்களில் இருந்த தண்ணீரை ஊற்றினார். மணலில்லாமல் கல்லை அடுக்கினார். ஒரு உயிர்கூடப் போகவில்லை. அதனால் சத்தியமும் இல்லையென்று ஆனது. செம்பூர் வீட்டு ஹாலில் தொட்டி நிற்கிறது. கவிச்சி அடிக்கிறது. மிக்ஸி ஜாரில் இறால் அரைபடுகிறது.

முந்தாநாள் உதுமான் பால் பாக்கெட்டை வெட்டினார். ரஷீதாவுக்கு வாசலிலேயே தெரிந்துவிட்டது, பால் கெட்டிருந்தது. கேட்பார் என்று பக்கத்தில் போய் நின்றாள். அவர் பாலை அடுப்பில் வைத்து, திரிகிறதா என்று தானே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.