மறுத்துப் பேச ஓர் ஆள்

இலங்கை மலையகத்தில் லுணுகலைக்கு மேலே உள்ள தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் வீரய்யாவுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால், அண்ணன் முறையில் அவர் ‘நானா’ என்று கூப்பிடும் தாஸிமின் தேநீர்க்கடைதான். கருவாட்டுக் குழம்பில் தேங்காய்ப்பால் சேர்க்கலாமா, லுணுகலைக்கு முதன்முதலில் வந்த பஸ் சிவப்பா நீலமா என்று எதையாவது பிடித்துக்கொண்டு இருவரும் மல்லுக்கு நிற்பார்கள். அந்த பஸ் வந்த காலத்தில் இருவருமே பிறந்திருக்கவில்லை. வீரய்யா சிவப்பு என்பார். தாஸிம் நீலம் என்று மேசையில் தட்டுவார். தோற்றாலும் யாருக்கும் எதுவும் போகாது. வாரம் முழுக்கக் கங்காணிக்கும் துரைக்கும் தலையாட்டிய வீரய்யா அங்கே நெஞ்சை நிமிர்த்திக் கத்துவார். மனம் லேசாகி, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்குத் திரும்புவார். வீட்டில் மனைவி பெரியாயி காத்திருப்பாள். அவளுக்குச் சண்டை பிடிக்க, குழம்பில் உப்பு கூடிற்றா குறைந்ததா என்பதே போதும்.

அந்தக் கார்த்திகையில் மழை விடவே இல்லை. மலையில் வெடிப்பு விட்டிருக்கிறது, எல்லோரும் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுங்கள் என்று காலையில் ஆட்கள் வந்து சொன்னார்கள்.

“போயிருவமா?” என்றாள் பெரியாயி.

“மழ விட்டுரும். இரு.”

“சரி” என்று அவள் உலை வைத்தாள்.

வீரய்யா தண்ணீர்க் குழாயைப் பார்க்க அடுத்த லயத்துப் பக்கம் போனார். பெரும் சத்தம் கேட்டு ஓடிவந்தபோது வீடு இருந்த இடத்தில் சேறுதான் இருந்தது. பெரியாயியின் உடல்கூடக் கிடைக்கவில்லை.

வீடிழந்தவர்களைத் தங்கவைத்த முகாமில் அவர் எது சொன்னாலும் “ஆமாங்க” என்றார்கள். பொறுக்கமுடியாமல் ஒரு ஞாயிறு கடைக்கு வந்தார்.

“மொத பஸ் செவப்புதான் நானா.”

“செவப்புதான் வீரய்யா” என்றார் தாஸிம், முகத்தைப் பார்க்காமல்.

வீரய்யா கிளாஸைத் தள்ளிவைத்தார். “இத்தன வருசமா நீலம்னீங்களே?”

“இந்த நேரத்துல உங்களோட என்ன வாதாட்டம்...”

“அன்னைக்கு அவளும் இப்பிடித்தான் சரின்னா. ஒரு வார்த்த மறுத்திருந்தா கெளம்பியிருப்போம். யாராச்சும் சரின்னாலே எனக்குப் பயமா இருக்கு நானா.”

தாஸிம் அவர் தள்ளிவைத்த கிளாஸை எடுத்து மறுபடி அவர் முன்னால் வைத்தார். பிறகு மேசையில் ஓங்கித் தட்டினார்.

“நீலந்தான்! உங்களுக்கு என்ன தெரியும்?”

பதிலுக்குக் கத்த வீரய்யா வாயைத் திறந்தார். அழுகைதான் வந்தது.

அதன்பின் ஞாயிறுதோறும் வந்தார். சத்தமாகவே வாதாடினார்கள். முடிந்ததும் தாஸிம் கடையை மனைவி ஸகீனாவிடம் விட்டுவிட்டு, முகாம் பக்கம் போகும் பஸ் வரும்வரை அவரோடு தெருவில் நிற்பார்.