முதல் இழுப்புக்கே விசில்

என் அக்காவுக்குத் தையல் தொழில். சனி, ஞாயிறுகளில் கால்பந்து நடுவர். இரண்டிலும் கறார்தான்.

வாரம் முழுக்க அவள் கைக்கு வருவது ஆட்டக்காரர்களின் கிழிந்த சட்டைகள். பாதிக்கு மேல் தோள்பட்டைத் தையலில் விட்டவை. கார்னர் அடிக்கும்போது பின்னாலிருந்து பிடித்து இழுப்பதால் வருகிற கிழிசல். "எவனோ ஒரு நடுவர் வார்னிங் குடுத்துட்டு சும்மா நின்னிருக்கான், பாரு" என்றபடி ஊசியில் நூல் கோப்பாள். முதல் தடவை திட்டு மட்டும்தான் என்று தெரிந்தால் எவன் இழுக்காமல் இருப்பான்? தம்பி என்பதற்காக நான் அவளுக்குப் பரிந்து பேசவில்லை. அவள் ஆட்டங்களில் உதவி நடுவராகக் கோட்டோரம் கொடி பிடித்து நிற்பவன் நான். கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

அன்றைய ஆட்டம்தான் அவளுக்கு மேல்நிலை நடுவர் தேர்வு. வயது வரம்புப்படி அதுவே கடைசி வாய்ப்பு. மார்க் போட வந்த மதிப்பீட்டாளர் முன்கூட்டியே அவளைக் கூப்பிட்டு, "முதல்ல வாயால சொல்லுங்கம்மா. அப்புறம் விசில்" என்றார். அக்கா தலையாட்டினாள். காதில் விழுந்தது என்று மட்டும்தான் அதற்குப் பொருள்.

நாலாவது நிமிடம், முதல் கார்னர். தற்காப்பு வரிசைக்காரன் ஒருவன் எதிராளியின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். விசில். பெனால்டி.

அவன் கேப்டன் பாய்ந்து வந்தான். "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேக்கா?"

"சட்டைய இழுக்கக் கூடாதுன்னு தெரியாதா உங்களுக்கு?"

"தெரியும்..."

"அப்புறம் நான் வேற எதுக்குச் சொல்லணும்?"

பெனால்டி கோலானது. அதன்பிறகு ஒன்பது கார்னர் வந்தது. ஒரு கைகூடச் சட்டைப் பக்கம் போகவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆட்டம் முடிந்ததும் உடை மாற்றும் அறையில் மதிப்பீட்டாளர் படிவத்தை விரித்தார். "நல்லாத்தான் நடத்துனீங்க. ஆனா நான் சொன்னதக் கேக்கல. போகட்டும், இந்தத் தடவ ஒரு வார்னிங்னு எழுதிட்டு பாஸ் போட்டுடறேன். இனிமே இப்படிப் பண்ணாதீங்க."

எனக்கு அப்பாடா என்றிருந்தது. அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"எனக்கெதுக்கு சார் வார்னிங்? நான் செஞ்சது சரின்னா பாஸ் போடுங்க. தப்புன்னா ஃபெயில் போடுங்க."

"யோசிச்சுப் பேசுங்கம்மா. அடுத்த வருஷம் உங்களுக்குக் கிடையாது."

"யோசிச்சாச்சு."

நான் அவள் கையைப் பிடித்தேன். உதறிவிட்டாள். மதிப்பீட்டாளர் ஃபெயில் என்று எழுதிப் படிவத்தை அவள் பக்கம் தள்ளினார்.

அக்கா ஒரு வரி விடாமல் படித்தாள். கீழே கையெழுத்துப் போட்டாள்.

"இப்பதான் சார் ஒழுங்கா ஊதியிருக்கீங்க" என்றாள்.